ஆறுமூலைக் கல்லும் அரசர் பெருந்தேரும்

மழை பிழையாதிருக்க, ஆற்றில் நீரும் களத்தில் நெல்லும் நிறைந்திருக்க. மூன்று மலைகளையும் அவற்றினின்று இறங்கும் ஓர் ஆற்றையும் தம் குடைக்கீழ்க் கொண்டவரும், மேற்குக் கணவாயில் பகைவர் யானைகளைப் புறங்காட்டச் செய்தவரும், எவரும் இதுவரை கண்டிராத அளவில் ஒரு பெருந்தேர் செய்வித்து அதன் பொருட்டு நெடுந்தேர் வேந்தர் எனத் தம்மை அழைக்குமாறு அண்மையில் ஆணையிட்டவருமான குன்றவள நாட்டுக் கோமகனார் மாநாகர், ஆற்றின் அக்கரை மணல்மேட்டுப் பாசறையில் இருந்தருளி, தம் திருக்கண்ணால் தாமே படித்தருள்க. அவர்தம் பெருவழிகளுக்கெல்லாம் அதிகாரம் பூண்ட பூதி நங்கை, கருந்துறை மூதூரின் அகநகரிலிருந்து, நேற்று உண்ட மீன் இன்னும் கையில் மணக்க எழுதி விடுக்கும் ஓலை.

தேவியார் நலம், இளவரசியார் நலம், பட்டத்து யானை நலம் எனக் கேட்டு மகிழ விழைகிறேன். பெருந்தேரும் அச்சு இறங்காமல் நலமாயிருக்கும் என நம்புகிறேன். சென்றமுறை யான் காண்கையில் அதன் இடப்பக்கச் சக்கரம் மணலில் புதைந்து, அதைத் தூக்க யானைகளும் ஆட்களும் பட்ட பாடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே கருந்துறையில் கடல் அமைதி, அங்காடி நிறைவு, குடிகள் சுகம். யானும் சுகமே. கால் மட்டும் வீங்கியிருக்கிறது. காரணம் கீழே வரும்.

மன்னர் எனக்கு இட்ட பணி இது. வரும் முழுநிலவில் வெற்றிவிழா. அன்று வடக்கு வாயிலில் நுழையும் பெருந்தேர் எங்கும் திரும்பாமல் நேரே ஓடி, கடற்கரையில் துறையம்மை கோயில் முன் நிற்கவேண்டும். ஆனால் அகநகரின் தெருக்களோ ஒரு மாட்டுவண்டி வந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் அகலமே உள்ளவை. ஆகையால் யான் என் பதவியை மறைத்து, ஊர் பார்க்க வந்தவள்போல அங்காடியும் பழந்தெருக்களும் சுற்றி, தேர் ஓடும் கோட்டில் நிற்கும் வீடுகளைக் கண்டறிந்து, அவற்றின் கதவுநிலைகளில் செங்காவியால் குறியிட்டுத் திரும்பவேண்டும். குறியிட்டவை இடிபடும். புது வீதி அமைந்தபின் தலைநகரின் தேர்வீதிக் கட்டுப்பாடே இங்கும் நிலவும். தோளில் சுமை கொண்ட எவரும் அதில் கால் வைக்கலாகாது. அந்த அகநகர் வெறும் பழங்குப்பை என்றும், குப்பையைத் தள்ளும்போது துடைப்பம் வருந்துவதில்லை என்றும் மன்னர் மொழிந்ததை, வாயிற்காவலர் ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்தார்.

அந்தத் துடைப்பம்தான் இப்போது எழுதுகிறது. அப்பணியை யான் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. இதை ஓலையின் கடைசியில் ஒளித்துவைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீண்ட ஓலைகளைப் பாதியில் வீசியெறிவது மன்னரின் வழக்கம் என்பது அரண்மனையில் எல்லோரும் அறிந்ததே. வீசியெறிந்திருந்தால், எடுத்து மேலே படித்தருள்க. மீதியில் மன்னருக்கு ஓர் அழைப்பு இருக்கிறது.

உண்மையைச் சொல்வதானால், நேற்று நண்பகல்வரை இந்நகரை இடிக்க மன்னரைவிட எனக்கே ஆசை மிகுந்திருந்தது. என்னோடு வந்த நில அளவர்களை வடக்கு வாயிலுக்கு வெளியே சத்திரத்தில் இருத்திவிட்டு, இடுப்பில் காவிப் பையைச் செருகிக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றோடு யான் நகருக்குள் வந்தேன். புதிய ஊருக்குப் போனால் அவ்வூர் அங்காடியில்தான் உண்பது என்பது என் நெடுநாள் கொள்கை. வாயிலைத் தாண்டியதும் நாளங்காடி. மிளகு மூட்டைகளுக்கும் கருவாட்டுக் கூடைகளுக்கும் நடுவே ஒருத்தி ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அதன் ஓரம் பொன்னிறமாய் மொறுமொறுவென்று இருந்ததை யான் மறைக்க விரும்பவில்லை. இரண்டு கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, இவ்வூரில் எனக்கு உறவினர் எவரேனும் உண்டா என வினவினாள். இல்லை என்றேன். இங்கு எவர் வீட்டிலாவது உண்டதுண்டா என்றாள். இப்போதுதான் நுழைகிறேன் என்றேன். உடனே அவள் சட்டியை மூடி, அடுப்பில் நீர் தெளித்து, ஆப்பம் தீர்ந்துவிட்டது என்றாள். சட்டிக்குப் பக்கத்தில் தட்டு நிறைய ஆப்பம் இருந்தது.

அதன்பின் நடந்ததை எழுதவே எரிச்சலாய் இருக்கிறது. இளநீர்க்காரன் என்னைக் கண்டதும் அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பொரி விற்பவள் கூடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சங்கறுப்பார் தெருவில் வீட்டுக்கு வீடு வாள் அறுக்கும் ஓசை, வெண்தூள் படிந்த முகங்கள், எல்லா முகத்திலும் புன்னகை. குடிக்க ஒரு வாய் கஞ்சி கேட்டதற்கு அத்தனை பேரும் ஒரே குரலில் பொதுக்கிணற்றைக் காட்டினார்கள். கொடிமரத்தடியில் பழைய காவற்கோபுரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அதன் உச்சிவரை என்னை அழைத்துப்போய்க் கடலையும் கூரைகளையும் காட்டிய காவலன், தன் சோற்றுப்பொதியை மட்டும் கீழே எவரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தான். துறையம்மை கோயிலில் அர்ச்சகர் திருநீறு தந்தார், மலர் தந்தார், பொங்கல் பானையைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். மன்னா, பெருவழி போட மலைக்காட்டில் அலைந்த காலத்திலும் யான் இப்படிப் பட்டினி கிடந்ததில்லை. இரக்கமற்ற ஊர், இது இடியட்டும், இதன்மேல் பெருந்தேர் இருமுறை ஓடட்டும் என்று மனத்துக்குள் வைதபடியே நடந்தேன்.

ஆனால் வைதபடி நடந்தாலும் கண் சும்மா இருக்குமா? வழி போடுபவளின் கண் அல்லவா. கருந்துறைத் தெருக்கள் குடித்தவன் போட்ட கோலம்போல வளைந்து கிடப்பதை முதலில் இகழ்ந்தேன். காலைக் காற்று கடலிலிருந்து ஏறியபோது, வளைவுக்கு வளைவு அது வேகம் இழந்து, ஆறுமூலைக்கு வருகையில் விளக்குச்சுடரை அணைக்காத அளவு தளர்ந்துவிட்டதைக் கண்டேன். நேர்வீதி போட்டால் அந்தக் காற்று அங்காடிக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். இதை அங்கேயே மனத்தில் குறித்துக்கொண்டேன். பசி அதைவிட உரக்கப் பேசியதால் மேலே எண்ணவில்லை.

ஆறுமூலை என்பது அகநகரின் நடுவிடம். ஆறு தெருக்கள் வந்து கூடும் அவ்விடத்தில் ஓர் அகன்ற கருங்கல் கிடக்கிறது. பெருந்தேரின் கோடு சரியாக அதன்மேல்தான் போகிறது. கால் வீங்கி, தலை சுற்றி, யான் அக்கல்லின்மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அங்காடி இரைச்சல் அடங்கியது. தராசைக் கீழே வைத்துவிட்டு வணிகர் எழுந்து வந்தனர், சங்கு அறுத்தவர் வாளோடு வந்தனர், ஆப்பக்காரியும் வந்தாள். வெயிலுக்குக் குடை பிடித்தார்கள். கிணற்று நீரைக் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார்கள். பிறகு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் முன்னே வந்து, அவள் ஒரு பெரிய ஊசியையும் அவன் அறுத்த சங்கொன்றையும் என் இருபுறத்தும் வைத்து வணங்கி நின்றனர்.

அப்போதுதான் எனக்கு விவரம் சொன்னார்கள். அகநகரில் எல்லோரும் எல்லோருக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு; ஒருவன் வழக்கை இன்னொருவன் தீர்த்தால் அது மாமன் தீர்ப்போ மைத்துனன் தீர்ப்போ ஆகிவிடும். ஆகவே இங்கே வழக்கெல்லாம் வேற்றாள் வரும்வரை காத்திருக்கும். ஊரில் உறவு இல்லாத, ஊரின் உப்பை இன்னும் உண்ணாத ஒருவர் வந்து தானாகவே அக்கல்லில் அமர்ந்தால், அவர் சொல்வது தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னபின் அவருக்கு விருந்து. அதைப் படைக்கவேண்டியவர் தோற்றவர். படைத்தால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். காலையிலிருந்து என்னைத் தேடித் தேடிப் பட்டினி போட்டது பகையால் அன்று. நடுவராகும் தகுதி கெட்டுவிடாமல் என்னைக் காத்து வைத்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வழக்கு இது. ஊசி வைத்தவள் மங்கலச்சி, கப்பல்களுக்குப் பாய் தைப்பவள். புதுப்பாய்க்குக் காவியும் எண்ணெயும் பூசியபின் அதை மடித்தால் மடிப்பில் வெடித்துவிடும். ஆகையால் நீளவாக்கில் விரித்தபடியே, வரிசையாய் ஆட்கள் தோளில் தாங்க, ஒரு சந்து வழியே துறைக்குக் கொண்டுபோவாள். சங்கு வைத்தவன் உலகன், சங்கறுப்பவன். அந்தச் சந்து அவனுக்கு உரிய மண்ணில் போகிறது. கூடத்தைப் பெரிதாக்க அதில் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டான். மண் அவனுடையது என்பதை மங்கலச்சியும் மறுக்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “மண்ணு அவனுதுதான், நான் இல்லேங்கல. ஆனா என் பாயை நான் மானத்துலயா கொண்டுபோவேன்?”

மன்னா, இதற்குத் தீர்ப்புச் சொல்ல யான் சிந்திக்கவே இல்லை. தீர்ப்பு ஏற்கெனவே தங்களுடையது. கணவாயில் உப்பு வணிகரான உமணர் நடந்த பழைய வழியை ஒரு குறுநில வேள் தன் மண் என்று சொல்லிச் சுவர் வைத்து அடைத்தபோது, தாங்கள் யானைமேலிருந்து இறங்கி, முதற்கல்லைத் தங்கள் கையாலேயே பெயர்த்தெறிந்தீர்கள். யான் பக்கத்தில் நின்றேன்; தூசி என் கண்ணில் விழுந்தது. அன்று தாங்கள் சொன்னதை யானே பெருவழிதோறும் கல்லில் வெட்டுவித்தேன்: மக்கள் நடந்து உண்டான வழியை மண்ணுக்கு உடையவன் என்னும் உரிமையால் எவனும் மறிக்கலாகாது. அதையே ஆறுமூலைக் கல்லிலிருந்து உரக்கச் சொன்னேன். சுவரைக் கலைக்குமாறு உலகனைப் பணித்தேன். அவன் முகம் கருத்தது; ஆயினும் சங்கை எடுத்துக்கொண்டு, உண்ண வருமாறு என்னை அழைத்தான்.

தோற்றவன் வீட்டு விருந்து எப்படி இருக்கும் என்று ஐயுற்றேன். வஞ்சிரமும் இறாலும், தேங்காய் அரைத்த குழம்பும், ஆவி பறக்கும் சிவப்பரிசிச் சோறும் இலையில் வந்தன. உலகனின் மனைவி நீலி பரிமாற, வென்ற மங்கலச்சி வாசற்படியில் அமர்ந்து, அவன் குறை வைக்காமல் படைக்கிறானா என்று பார்த்திருந்தாள், அதுவும் வழக்கமாம். யான் மூன்றாம் கவளம் எடுக்கையில் உலகன் கேட்டது இது: “அம்மா, ஒண்ணு கேக்கட்டா? என் மண்ணுன்னு நான் மறிச்சா தப்புன்னுட்டீங்க. சரி, ஒத்துக்கிட்டேன், சோறும் போட்டுட்டேன். ராசா தேர் விட வீதி போடப் போறாருன்னு பேச்சு அடிபடுது. நாளைக்கு அவரு வந்து என் மண்ணுன்னு மறிச்சா, அப்பவும் இதே தீர்ப்புதானா?”

வாயில் சோறு இருந்தது. அதை விழுங்குவதற்குள் என் பதவி, என் வீடு, என் தலை எல்லாம் நினைவில் வந்துபோயின. பயந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். விழுங்கிவிட்டு, இதே தீர்ப்புதான் என்றேன். பிறகு இடுப்பிலிருந்த காவிப் பையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்து, யான் யார், எதற்கு வந்தேன் என்பதையும், அந்தச் சந்தின் குறுக்கே போகும் புது வீதியில் தோளில் சுமையோடு எவரும் கால் வைக்கலாகாது என்பதையும் சொன்னேன். நீலிதான் முதலில் வாய் திறந்தாள்: “மோர் ஊத்தணும், கையை எடுங்க. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்.” வாசற்படியிலிருந்த மங்கலச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்: “அடியாத்தே! நம்மள இடிக்க வந்த மகராசியையா காலையிலேருந்து ஊரே சேர்ந்து பட்டினி போட்டுக் காத்துச்சு!” தெருவே சிரித்தது. சிரித்து ஓய்ந்தபின் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் தன் பாயை இனி எவ்வழியே கொண்டுபோவது என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு யான் தலைகுனிந்தேன். தலைகுனிய வைத்த பணியின்மேல் அப்போது எழுந்த கோபம் இன்றும் தணியவில்லை.

இந்த ஓலை அவையில் படிக்கப்பட்டால், பூதி நங்கை மீன்குழம்புக்கு விலைபோனாள் என்று சிரிப்பவர் சிலர் அங்கே உண்டு. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தீர்ப்பை யான் பட்டினி வயிற்றோடு சொன்னேன். அவையோருள் எவரும் இதுவரை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. மண்ணெல்லாம் மன்னருக்கு உரியது என்று தண்டநாயகர் வாதிடுவார். உலகனும் அதைத்தான் வாதிட்டான், தோற்றான், சோறு போட்டான். சங்கறுப்பவனுக்கு இருக்கும் பெருந்தன்மை குடை நிழலில் இருப்பவருக்கு இல்லாமற் போகாது என்று எண்ணுகிறேன். தேருக்குத் தெரு சிறிது எனில், தேரைச் சிறிதாக்க நாட்டில் தச்சர் இல்லையா? அன்றி, கணவாயில் யானையிலிருந்து இறங்கிய கால்களுக்கு இங்கே தேரிலிருந்து இறங்கத் தெரியாதா?

ஆகவே யான் செய்தவற்றை அறிவிக்கிறேன். அளவர்கள் என் சொல்லால் கோல்களைக் கீழே வைத்துவிட்டனர்; குற்றம் என்னுடையது, அவர்களைத் தொடவேண்டாம். ஒரு கதவிலும் காவி படவில்லை. படையை அனுப்புவதானால், அது வரும் வழியை யான் அறிவேன், யான் போட்ட வழிதான். அதன் முடிவில் ஆறுமூலைக் கல்லின்மேல் யான் அமர்ந்திருப்பேன். முதற்கடப்பாரை என்மேல் விழட்டும்.

ஆயினும் தேர்வீதி பற்றிய இவ்வழக்கில் முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பல்லாண்டு தங்கள் உப்பை உண்டவள் யான்; நேற்று முதல் இவ்வூர் உப்பையும் உண்டவள். இருபுறமும் கெட்டுப்போன நடுவர். எனவே கருந்துறையார் வழக்கை முறைப்படி கல்லில் வைத்துவிட்டனர். ஒரு தரப்பில் மங்கலச்சி தன் ஊசியை வைத்திருக்கிறாள். மன்னர் தரப்புக்குக் காவிப் பையை யானே வைத்தேன். வழக்காட ஒருவர் அங்கே நிற்கவேண்டும். அதற்கு இனி என்னை எதிர்பார்க்கவேண்டாம்.

மன்னர் எனக்களித்த இலச்சினை மோதிரத்தை ஓலை கொண்டுவரும் ஓடக்காரர் கையில் திருப்பி விடுத்திருக்கிறேன். இவ்வோலைக்கு என் பெருவிரலைக் காவியில் தோய்த்து வைத்ததே முத்திரை. தங்கள் கோல் வளையாதிருக்க, தங்கள் சொல் கல்லில் உள்ளபடியே நிற்க. இது வேண்டுகோள் அன்று. கல்லில் அமர்ந்தவள் விடுக்கும் ஆணை.

இவ்வோலை கண்டதும் புறப்பட்டு வருக. வடக்கு வாயிலில் தேரை நிறுத்தி இறங்கி, யான் நடந்தபடியே அங்காடியும் சங்கறுப்பார் தெருவும் கடந்து நடந்து வருக. விரைந்து வருக, ஏனெனில் இன்று விடியலில் தூரதேசத்து மாலுமி ஒருவன் துறையில் இறங்கியிருக்கிறான். நம் மொழி போதிய அளவு அறிந்தவன், உறவற்றவன், ஊரில் இதுவரை ஒரு வாய் ஆப்பமும் கிடைக்காமல் வைதுகொண்டே சுற்றுகிறான், எப்படியும் நண்பகலுக்குள் கல்லில் வந்து உட்கார்ந்துவிடுவான். தோற்றவரே அவனுக்கு உணவு படைக்கவேண்டும் என்பதை மறவாமல், அரண்மனைச் சமையற்காரரையும் உடன் அழைத்து வருக. மங்கலச்சி இன்று தன் வீட்டில் உலை வைக்கவில்லை.